வென்றோர் பட்டியலுக்கு வெளியே

விளையாட்டைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் எழுதுவது பொருந்துமா என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். நாளேட்டில் அதற்கென்றே தனிப் பக்கம் ஒன்று இருக்கிறதே என்பர். இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் எவர் முதலில் வந்தார், எத்தனை வினாடியில் வந்தார், எவரை முந்தினார் என்பன எல்லாம் பிழையின்றி அச்சேறுகின்றன. ஆனால், நூறு பேர் புறப்பட்ட ஒரு பந்தயத்தில் மூவரின் கதையைச் சொல்லிவிட்டு அது ஓய்ந்துவிடுகிறது. எஞ்சிய தொண்ணூற்றேழு பேருக்கு வழியில் என்ன நேர்ந்தது, நேர்ந்ததை அவர்கள் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதைக் கேட்க அங்கே இடமில்லை. அதைக் கேட்பது இந்தப் பக்கத்தின் வேலை என்பது என் எண்ணம்.

இந்த எண்ணம் புதிதன்று. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் தோற்றான். தோற்றவன் தன் முதுகில் உண்டான புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். வென்ற மன்னனைப் பாட வந்த வெண்ணிக்குயத்தியார், அவனுடைய வெற்றியை ஒப்புக்கொண்டுவிட்டு, தோற்றவன் நின்னினும் நல்லவன் அல்லனோ என்ற கருத்தை அவன் முகத்துக்கு நேரே வைத்தார். புறநானூற்றின் 66 ஆம் பாட்டு அது. குயவர் குடியிற் பிறந்தவர் என்று கருதப்படும் ஒரு பெண், பேரரசனிடம் சொன்ன சொல். நம் பாடசாலைகளில் இப்பாட்டைக் காலையில் நடத்துகிறோம். விளக்கம் சொல்லி மாணவரை வியக்கவும் வைக்கிறோம். அன்று மாலையே விளையாட்டு மைதானத்தில் நான்காவதாக வந்த பிள்ளையின் பெயரைக் கேட்டால் நமக்குத் தெரிவதில்லை.

நிற்க. நான் இங்கே பேச எடுத்துக்கொண்டது பல விளையாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் போட்டியை. நீந்தி, துவிச்சக்கரவண்டி மிதித்து, பின்னர் ஓடி முடிக்கும் 'ட்ரையத்லன்' என்பது இதன் பெரிய வடிவம். 1978 ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹவாய்த் தீவுகளில், அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஜோன் கொலின்ஸ் என்பவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய 'அயன்மான்' போட்டி இதற்கு உலகப் புகழ் தேடித் தந்தது. 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், பிறகு 42.2 கிலோமீற்றர் மரதன் ஓட்டம். அன்று புறப்பட்டவர் 15 பேர்; முடித்தவர் 12 பேர். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஜோன் டன்பார் என்பவருக்குத் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. துணைக்கு வந்தவர்கள் கையிலிருந்த பியரைக் கொடுத்தார்கள். அவர் தள்ளாட, கோர்டன் ஹாலர் முந்திச் சென்று வென்றார். அதாவது, இப்போட்டி பிறந்த நாளிலேயே தண்ணீர்ப் பஞ்சமும் கூடவே பிறந்தது என்க.

இலங்கைக்கு இது வந்தது அண்மையில். 2018 பெப்ரவரியில் கொழும்பில் அயன்மான் பாதித்தூரப் போட்டி நடந்தது. அதன்பின் ஆங்காங்கே சிறு குழுவினர், அலுவலகத்தாரும் ஆசிரியரும் இளைஞருமாகக் கூடி, தமக்கு இயன்ற அளவில் இத்தகைய போட்டிகளை நடத்திவருகின்றனர். பணப்பரிசு கிடையாது. ஒரு பனியனும், ஒரு பதக்கமும், மறுநாள் எழுந்து நடக்க முடியாத கால்களுமே மிச்சம். அப்படியொரு சிறு போட்டியைச் சென்ற ஆண்டு ஆவணியில் ரிவர்ஸ்டனில் நான் கண்டேன். அதில் நீச்சல் இல்லை. அம்மலைப் பக்கத்து ஆறுகளும் அருவித் தடாகங்களும் பழக்கமில்லாதவரை விழுங்குவன. நீச்சலை விட்டது அறிவுடைமை. வண்டியும் ஓட்டமும் மட்டும்.

ரிவர்ஸ்டனை அறியாதவர்க்காகச் சில சொற்கள். மாத்தளை நகரிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இரத்தோட்டை வரை பாதை பெரிதும் வம்பு செய்யாது. அதற்கப்பால் வீதி ஒடுங்கி, வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும். மிளகுக் கொடியும் கராம்பும் கண்ணுக்குத் தெரிந்து, பின் தேயிலை வந்து, பின்னர் அதுவும் கீழே நின்றுவிட, காடு மேலே வந்து சூழ்ந்துகொள்ளும். மடக்கிய கைவிரல்களின் கணுக்களைப் போல் சிகரங்கள் தோன்றுவதால் ஆங்கிலேய நில அளவையாளர் இம்மலைத்தொடருக்கு நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சிங்கள மக்களுக்கு அது தும்பறை மலை. 2010 இல் யுனெஸ்கோ நிறுவனம் இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக ஏற்றபோது இத்தொடரும் அதனுள் அடங்கிற்று.

ரிவர்ஸ்டன் கணவாயில் நின்றால் முதலிற் பேசுவது காற்று. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே குடை பிடிப்பது வீண். குடைதான் நம்மைப் பிடித்து இழுக்கும். காற்றிலேயே வளர்ந்த மரங்கள் ஆள் உயரத்தைச் சிறிதே தாண்டி, முதுகு வளைந்து நிற்கின்றன. மேற்குப் பக்கம் மூடுபனியும் சாரலும். கணவாயைக் கடந்து இலுக்கும்புரப் பக்கம் இறங்கினால் சிறிது நேரத்தில் வெயில் சுடும். அங்கேதான் பிட்டவலைப் பத்தனை என்னும் புல்வெளி இருக்கிறது. பாறைமேல் படிந்த மெல்லிய மண்ணில் புல் மட்டுமே வளர்ந்து, அதன் விளிம்பில் திடீரென்று பள்ளத்தாக்கு வாய் திறந்து கிடக்கும் இடம். ஒரே போட்டியில் நனையவும் காயவும் வேண்டுமானால் இதைவிடப் பொருத்தமான நிலம் கிடைப்பது அரிது.

இரத்தோட்டையிலிருந்து கணவாய் வரை வண்டி மிதிக்க வேண்டும். அங்கே வண்டியைக் கிடத்திவிட்டுப் பத்தனைக்கு ஓடித் திரும்ப வேண்டும். நண்பகல் 12 மணிக்கு மேல் வருபவர் கணக்கில் சேரார். நாற்பது பேரளவில் புறப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர் கணித ஆசிரியர். வயது நாற்பதைத் தாண்டியவர். எட்டு மாதம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்தவர் என்பதை அறிந்திருந்தேன். அவர் வெல்லப்போகிறார் என்று எவரும் எண்ணவில்லை, அவரும் எண்ணவில்லை. முடிக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

முதலாவது ஏற்றத்திலேயே பின்சக்கரத்தில் காற்றுப் போய்விட்டது. கைவசம் ஒரு ரியூப் வைத்திருந்தார்; மாற்றினார். இருபது நிமிடம் போயிற்று. இதற்குள் எல்லோரும் போய்விட்டனர். பின்னர்த் தேயிலைத் தோட்டத்தின் நடுவே கியர் வயர் அறுந்தது. துவிச்சக்கரவண்டி அறிந்தவர்க்கு இதன் கொடுமை விளங்கும். வயர் அறுந்தால், பின்சக்கரத்துப் பற்சில்லுகளில் மிகச் சிறியதற்குச் செயின் தானே இறங்கிவிடும். சமதரையில் விரைந்து செல்ல ஏற்ற சில்லு அது. மலையேற்றத்தில் அதை மிதிப்பது தேரைத் தனியாளாக இழுப்பதற்கு ஒப்பாகும். உதிரி வயர் அவரிடம் இல்லை. வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தார்.

வேலி கட்டிக்கொண்டிருந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர், "என்னாங்க தம்பி, இந்தக் காத்துல சைக்கிளத் தள்ளிக்கிட்டு எங்க போறீங்க?" என்று கேட்டிருக்கிறார். விளையாட்டுப் போட்டி என்றதும் அவர் சிரிக்கவில்லை. வேலிக்கு வைத்திருந்த கம்பியில் ஒரு முழம் நறுக்கிக் கொடுத்தார். கியர் மாற்றும் பொறியை உள்நோக்கி இழுத்துப் பெரிய சில்லுக்கு நேரே நிறுத்தி, அசையாதபடி கட்டிவிட்டால், அந்த ஒரு கியரோடாவது மேலே ஏறலாம் என்பது ஆசிரியரின் கணக்கு. கட்டுவதற்கு இரண்டு கை போதாது. பெரியவர் வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. "ஐயா, உங்களுக்கு மெத்தப் பெரிய உபகாரம்" என்று இவர் சொல்ல, "கம்பி தோட்டத்துக் கம்பிங்க, எனக்கென்ன?" என்றாராம் அவர்.

கணவாய்க்கு வந்தால், அவருடைய ஓட்டச் சப்பாத்து இருந்த பையைக் காணவில்லை. உடைமைகளை ஏற்றிய வாகனம் வேறெங்கோ போயிருந்தது. வண்டி மிதிக்கும் சப்பாத்தின் அடியில் இரும்பு. அதைப் போட்டுக்கொண்டு தார்வீதியில் ஓட முடியாது. வேடிக்கை பார்க்க வந்த ஒருவரின் கான்வஸ் சப்பாத்து, அளவிற் சற்றுச் சிறியது, கைமாறிற்று. ஓடினார். மூடுபனிக்குள் அவர் மறைந்ததை நான் பார்த்தேன். அப்போது வென்றவர்களுக்குப் பதக்கம் சூட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் திரும்பி வந்தபோது மணி 12.23. எல்லைக் கோட்டுத் துணியைச் சுருட்டி வாகனத்தில் ஏற்றியாயிற்று. புல்வெளியில் திரும்புமிடத்தில் நிறுத்தப்பட்டிருந்த இளைஞரும், நேரம் ஆகிவிட்டதென்று, அவர் அங்கே போய்ச் சேருமுன்பே புறப்பட்டு வந்துவிட்டார். ஆசிரியர் அங்கே தொட்டுத் திரும்பினார் என்பதற்கு அவர் சொல் ஒன்றே சாட்சி. பொறுப்பாளரிடம் அவர் வேறெதையும் கேட்கவில்லை. "பட்டியலில் என் பெயரை எழுதுங்கள். நேரத்தையும் எழுதுங்கள். வழியிலே ஒருவர் வண்டியைப் பிடித்து உதவினார், அதையும் எழுதுங்கள்" என்றார். பொறுப்பாளரான இளைஞர் பணிவாகத்தான் பேசினார். "சேர், நேரம் முடிஞ்சுது. அதோட வெளியாரின்ர உதவி எடுத்தால் விதிப்படி சேர்க்கேலாது. வாகனத்தில ஏறுங்கோ" என்றார். ஆசிரியர் ஏறிக்கொண்டார்.

இதில் எவர் பக்கம் நியாயம் என்பதை ஆறுதலாக ஆராய வேண்டும். கண்கலங்கி ஒரு பக்கம் சாய்வது எளிது.

வெளியார் உதவி கூடாது என்ற விதி வீம்புக்காக வந்ததன்று. செல்வம் உள்ளவன் பின்னால் வாகனமும் பழுதுபார்ப்பவரும் வர, இல்லாதவன் தனியே போட்டியிடுவதைத் தடுப்பதற்கு வந்த விதி அது. ஆனால் விதியை எழுத்துக்கு எழுத்துப் பிடித்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1913 ஆம் ஆண்டுப் பிரான்சு நாட்டுச் சைக்கிள் சுற்றுப்போட்டி சான்று. பிரனீஸ் மலையில் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது ஓஜேன் கிறிஸ்தோப் என்பவரின் வண்டி முன்கவை முறிந்தது. வண்டியைத் தோளிற் சுமந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து ஒரு கிராமத்துக் கொல்லன் உலையை அடைந்தார். தாமே இரும்பைக் காய்ச்சி, தாமே அடித்து, தாமே பொருத்தினார். நடுவர்கள் பக்கத்தில் நின்று காவல் பார்த்தனர். துருத்தி ஊதுவதற்கு மட்டும் ஒரு சிறுவன் கை கொடுத்தான். அதற்காக அவருக்குத் தண்டம் 10 நிமிடம். பிறகு பெருமனதோடு 3 நிமிடமாகக் குறைத்தார்கள். ஏற்கெனவே மணிக்கணக்கில் நேரம் இழந்தவருக்கு இந்த மூன்று நிமிடம் ஒரு பொருட்டன்று. ஆயினும் இன்றைக்கு அப்பந்தயத்தை நினைவுகூர்பவர்கள் வென்றவனின் பெயரைச் சொல்வதற்கு முன்பு அந்தத் துருத்தியைத்தான் சொல்கிறார்கள். சிறுவனின் துருத்திக்கும் நம் தோட்டத்துப் பெரியவரின் கைக்கும் என்ன வேற்றுமை?

ஓர் உண்மையை இங்கே கவனிக்க வேண்டும். கிறிஸ்தோப்புக்குத் தண்டம் விதித்தார்களே தவிர, அவர் வரவில்லை என்று எழுதவில்லை. அவர் அந்தச் சுற்றை முடித்தார் என்பது பதிவில் இருக்கிறது. தண்டம் விதிப்பது வேறு. நடந்ததை நடக்காததாக்குவது வேறு. நான் ரிவர்ஸ்டன் பொறுப்பாளர்மேல் காணும் குறை இதுதான். நேர எல்லைக்குப் பிந்தி வந்தவரை வரிசையில் சேர்க்க வேண்டாம். உதவி பெற்றதாகக் குறித்துக்கொள்ளட்டும். ஆனால் 12.23 க்கு ஒரு மனிதர் வந்தார் என்பது நிகழ்ந்த ஒன்று. அதை எழுத மறுப்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை.

பெரிய போட்டிகளின் விதிகளோ மெல்ல மெல்ல நெகிழ்ந்தும் இறுகியும் வந்திருக்கின்றன. 2008 இல் ஹவாய் உலகப் போட்டியில் கிறிசி வெலிங்ரன் என்ற ஆங்கிலப் பெண்மணி முன்னணியில் இருக்கும்போது ரயரில் காற்றுப் போயிற்று. காற்று நிரப்பும் சிறு குப்பிகளும் வீணாகிவிட, வீதியோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவருக்குப் போட்டியாளரான ஆஸ்திரேலியப் பெண்மணி ரெபெக்கா கீட், கடந்து போகிறபோதே தம்மிடமிருந்த குப்பி ஒன்றை எறிந்துவிட்டுப் போனார். வெலிங்ரன் ஏறத்தாழ பத்து நிமிடம் பின்தங்கியும், ஏறத்தாழ பதினைந்து நிமிட இடைவெளியில் வென்றார். இதை எவரும் குற்றம் என்று சொல்லவில்லை. மாறாக, 2016 இல் மெக்சிக்கோவின் கோசுமேலில், வெயிலில் மயங்கி விழப்போன தம்பி ஜொனதன் பிரவுன்லியை அண்ணன் அலிஸ்டர் தோளிற் தாங்கி இழுத்துவந்து எல்லைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டபோது உலகமே கைதட்டிற்று; எனினும், போட்டியாளர் ஒருவரை மற்றொருவர் தாங்கி நகர்த்துவதைப் பின்னர் விதி தடுத்துவிட்டது. கருவி கொடுக்கலாம், காலாக இருக்கக்கூடாது என்பது இதன் சாரம். என் அறிவுக்கு இது நல்ல பிரிவினையாகப் படுகிறது. அந்த அளவுகோலால் பார்த்தால் ஒரு முழம் வேலிக்கம்பி கருவியின் பக்கத்தில்தான் நிற்கும். கொடுத்தவர் போட்டியாளர் இல்லை என்பதுதான் சிக்கல். தோட்டத்துப் பெரியவர் ஒரு சைக்கிளில் ஏறிப் போட்டியில் இறங்கும் காலம் வந்தால் அந்தச் சிக்கலும் தீரும். இன்றைக்கு அவருக்கு அதற்கு ஓய்வு எங்கே?

இனி, முடிப்பதைப் பற்றி. இலங்கையர்க்கு இதில் பெருமைப்பட ஒரு பெயர் உண்டு. 1964 ஒக்டோபரில் டோக்கியோ ஒலிம்பிக் 10,000 மீற்றர் ஓட்டத்தில் ரணதுங்க கருணானந்த ஓடினார். தடிமனும் காய்ச்சலுமாக உடல் நலிந்திருந்தார். அமெரிக்காவின் பில்லி மில்ஸ் வென்று, மற்றவர்களும் முடித்த பின்னர், 67 ஆம் இலக்கத்தை மார்பில் அணிந்த இந்த ஒருவர் மட்டும் தனியே சுற்றிக்கொண்டிருந்தார். கூட்டம் முதலிற் சிரித்தது, பின் மௌனமாயிற்று, இறுதியில் எழுந்து நின்று ஆரவாரித்தது. அவர் எடுத்த நேரம் 34 நிமிடம் 21 வினாடி. யப்பானியர் அக்கதையைத் தம் பள்ளிப் பாடநூலில் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று ஆசிரிய நண்பர்கள் நாளைக்கே வகுப்பிற் கேட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவும் சொன்னதனால், எது நேர்ந்தாலும் முடித்தே தீரவேண்டும் என்ற கொள்கையை நான் பரப்புவதாக எவரும் கொள்ளவேண்டாம். அந்தக் கொள்கையை எண்ணி நான் அஞ்சுகிறேன். 1982 இல் ஹவாயில் ஜூலி மொஸ் என்ற கல்லூரி மாணவி எல்லைக் கோட்டுக்குச் சில அடி தூரத்தில் கால் மடிந்து விழுந்து, தவழ்ந்து முடித்ததைத் தொலைக்காட்சியில் கண்டு பல்லாயிரவர் இவ்விளையாட்டுக்கு வந்தார்கள் என்பர். அவரை முந்திச் சென்றவருக்கும் அவருக்கும் இடைவெளி 29 வினாடி. காட்சி உருக்கமானதே. ஆனால் அத்தகைய தவழ்தல் எல்லாமே நல்லபடியாக முடிவதில்லை.

வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தனை நினைக்கிறேன். வழக்கறிஞர்; பல விளையாட்டில் இறங்கிய தனி மனிதர். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறை. 1971 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும் மீண்டும் தலைமன்னாருக்குமாக நீந்தினார். 1979 இல் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி நேரத்துக்கு மேலாகத் துவிச்சக்கரவண்டி மிதித்தார். விடாமுயற்சிக்கு உருவம் வேண்டுமானால் அவரைக் காட்டலாம். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் அவர் உயிரிழந்தார். அவருக்கு அப்போது 41 வயது. அவரைக் கொண்டாடும்போது இந்த முடிவையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. கால்வாய் நீச்சலின் விதிகளில் ஒன்று, நீந்துபவரைப் படகில் உள்ளவர் கையாலும் தொடலாகாது என்பது. தொட்டால் முயற்சி செல்லாது. அவ்வாறெனில், எப்போது தொட வேண்டும் என்று தீர்மானிக்கிறவரின் பொறுப்பு எத்துணைப் பெரிது! வெண்ணியில் தோற்ற சேரமானைப் புலவர் புகழ்ந்தார் என்று மேலே சொன்னேன். அவன் வடக்கிருந்து இறந்ததை விளையாட்டு மைதானத்துக்கு எடுத்து வரக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே ரிவர்ஸ்டனில் நேர எல்லை வைத்தது சரியே. பிற்பகலில் அம்மலையில் மூடுபனி இறுகினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. எல்லை இல்லாத போட்டி ஆபத்தானது. ஹவாயிலும் 17 மணி நேர எல்லை உண்டு. காலையில் புறப்பட்டவர் நள்ளிரவுக்குள் வந்தாக வேண்டும். ஆனால் அங்கே நள்ளிரவு வரை கூட்டம் கலைவதில்லை. வென்றவர் வந்து குளித்து உண்டு, திரும்பவும் வந்து எல்லைக் கோட்டருகே நின்று கடைசி ஆளுக்காகக் கைதட்டுவதும் உண்டு. நமக்கு இதை அமெரிக்கர் சொல்லித்தர வேண்டியதில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தில் ஐந்து தேர் வீதிக்கு வருகின்றன. முதல் தேர் இருப்பிடம் சேர்ந்ததும் மற்ற நான்கின் வடத்தையும் நிலத்திற் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவரை நான் கண்டதில்லை.

எல்லை வைத்தல் ஒன்று. கடைசி ஆள் மலையிலிருந்து இறங்கினாரா என்று பாராமல் காவலை எடுத்தல் இன்னொன்று. முன்னதில் குறை காணேன். பின்னது பெருங்குறை. திரும்புமிடத்து இளைஞர் அகன்ற பின்னர், பள்ளத்தாக்கின் விளிம்பில், பிறருடைய சப்பாத்தில், தனியாக ஒரு மனிதர் ஓடிக்கொண்டிருந்தார். அவர் கால் இடறி விழுந்திருந்தால் எவருக்குத் தெரியும்? நேரம் முடிந்ததும் ஒருவர் எதிரே போய், "சேர், போதும், வாகனத்தில் ஏறுங்கள்" என்று அங்கேயே சொல்லியிருந்தால் அது கண்டிப்பு. அதை ஏற்றிருப்பேன். எவரும் போகவில்லை.

இது ஒரு மலையில் நடந்த சிறு செய்திதானே என்று ஆசிரிய நண்பர்கள் தள்ளிவிடக்கூடாது. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோயிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய மாணவர் ஒருவர் நோயுற்று உயிரிழந்தார். பதினாறு வயது. வருடந்தோறும் தை, மாசி, பங்குனியில் நாடெங்கும் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. வெயில் ஏறுமுன் ஓட்டத்தை முடிப்பது, வழிநெடுகத் தண்ணீர் வைப்பது, கடைசிப் பிள்ளையின் பின்னால் ஒரு வாகனமோ சைக்கிளோ வருவது, வாந்தியோ தலைச்சுற்றோ கண்டால் நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருவர் நிற்பது ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. முதலில் வருகிறவனைப் பார்க்க மைதானத்தில் நூறு கண்கள் இருக்கின்றன. கடைசியில் வருகிறவளைப் பார்க்க இரண்டு கண்களையாவது ஒதுக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

இன்னுமொன்று. தடங்கலைச் சமாளிப்பதைக் கற்பிக்க முடியும். சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடத் தெரிந்த மாணவன், ஓட்டத்தில் வயிறு பிடித்தால் வேகத்தைக் குறைத்து மூச்சை ஒழுங்காக்கத் தெரிந்த மாணவி, சப்பாத்து அறுந்தால் வெறுங்காலில் எவ்வளவு தூரம் போகலாம் என்று முன்பே அறிந்தவர்: இவர்களெல்லாம் பயிற்சியால் உண்டாகிறவர்கள். நம் உடற்பயிற்சிப் பாடவேளையில் வேகத்தைக் கற்பிக்கிறோம். கெட்டுப்போன வேளையில் என்ன செய்வது என்பதைக் கற்பிப்பதில்லை. எப்போது நிறுத்துவது என்பதையோ ஒருநாளும் கற்பிப்பதில்லை. நிறுத்திய பிள்ளையைக் கோழை என்கிறோம்; அவனும் அடுத்த ஆண்டு நிறுத்துவதற்கு வெட்கப்படுகிறான்.

அதிபர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் பரிசளிப்புக்குப் பிரதம விருந்தினர் காத்திருக்கிறார். கடைசிப் பிள்ளை வரும்வரை அவரை எப்படி இருத்தி வைப்பது?" என்றார். விருந்தினரையே எல்லைக் கோட்டருகே நிற்கச் சொல்லலாமே என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டார்.

விருந்தினர் நிற்கட்டும், நில்லாதிருக்கட்டும். பாடசாலைகளின் விளையாட்டுப் பதிவேட்டில் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கு மூன்று நிரல்கள் அச்சிட்டிருக்கின்றன. அதற்கப்பால் தாளில் அரை அங்குலம் வெற்றிடம் உண்டு. முடித்தவர் பெயரும், வழியில் நின்றவர் எங்கே ஏன் நின்றார் என்பதும் எழுத அது போதும். கோட்டை மட்டும் நாமே அடிமட்டம் வைத்து இழுத்துக்கொள்ள வேண்டும்.